ஜனவரி 31-க்குள் கொடுக்கும் சொத்துக் கணக்கை யாராவது படிக்கிறார்களா?

28 ஜனவரி 2025, ஒரு வாசகரின் கேள்வி

வேட்புமனு போடுகிறவர் சொத்துக் கணக்கு கொடுக்கிறார். ஐ.ஏ.எஸ். அதிகாரி வருடா வருடம் கொடுக்கிறார். சாதாரண அரசு அலுவலரும் கொடுக்கிறார். இத்தனை பேர் இத்தனை வருடமாகக் கொடுத்தும் 'வருமானத்துக்கு அதிகமாகச் சொத்து சேர்த்ததாக வழக்கு' என்ற செய்தி வராத வாரம் இல்லை. அப்படியானால் அந்தக் காகிதத்தால் என்ன பிரயோஜனம்? யாராவது பிரித்துப் பார்க்கிறார்களா? உள்ளே இருந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

28 ஜனவரி 2025, இரவு

உள்ளே இருந்தேன். சொல்கிறேன்.

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் 33 ஆண்டு. கடைசி 14 ஆண்டு நிர்வாகப் பிரிவில். 2019-ல் ஓய்வு. எந்த அலுவலகம், எந்த ஊர் என்று கேட்க வேண்டாம்.

பொங்கல் விடுமுறை முடிந்து திரும்பினால் சுற்றறிக்கை வந்திருக்கும். குரூப் ஏ, குரூப் பி அலுவலர்கள் டிசம்பர் 31 நிலவரப்படி தங்கள் அசையாச் சொத்து விவரத்தை ஜனவரி 31-க்குள் கொடுக்க வேண்டும். 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 18-வது விதி. அந்த இரண்டு வாரமும் என் மேஜைக்கு ஆள் வந்துகொண்டே இருக்கும். முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒன்றுதான்: "சார், போன வருஷத்துதையே ஜெராக்ஸ் போட்டு தேதியை மட்டும் மாத்திக் கொடுத்துடட்டுமா?"

மாற்றிக் கொடுப்பார்கள். சிலர் அதுகூட இல்லாமல் நடுவில் ஒரு கோடு இழுத்து 'மாற்றம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். உறையை ஒட்டி, மேலே 'ரகசியம்' என்று முத்திரை குத்தி, பதிவேட்டில் வரிசை எண் போட்டு, கோத்ரெஜ் பீரோவின் இரண்டாவது தட்டில் அடுக்குவேன். சாவி என்னிடம். பிப்ரவரி முதல் வாரத்தில் மேலிடத்துக்கு ஒரு கடிதம் போகும்: இத்தனை பேர் கொடுக்க வேண்டும், இத்தனை பேர் கொடுத்துவிட்டார்கள், நிலுவை இல்லை. மேலிடம் கேட்டதும் அந்த எண்ணிக்கையைத்தான். உறைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டதில்லை.

14 ஆண்டில் அந்த உறைகள் பிரிக்கப்பட்டது ஒரே ஒரு தடவை. அதை அப்புறம் எழுதுகிறேன்.

என் படிவத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மனை, மனைவிக்கு அவர்கள் வீட்டிலிருந்து வந்த அரை ஏக்கர். ஒளிக்க ஒன்றும் இல்லை.

29 ஜனவரி 2025

"வெறும் உறையை ஒட்டிக் கொடுத்தாலும் தெரியாதா?" என்கிறார் ஒருவர். தெரியாது. ஒரு வருடம் ஒரு அலுவலர் மகள் கல்யாணப் பத்திரிகையை உள்ளே வைத்து ஒட்டிக் கொடுத்துவிட்டார். படிவம் அவர் வீட்டு மேஜையிலேயே இருந்திருக்கிறது. மூன்றாம் நாள் தேடிக்கொண்டு வந்தார். அதுவரை சொத்துக் கணக்கில் அவருக்கு நிலுவை இல்லை.

31 ஜனவரி 2025

இன்றைக்குத்தான் கடைசி நாள். பழக்க தோஷம், காலையில் எழுந்ததும் ஞாபகம் வந்தது.

படிவத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மாவட்டம், வட்டம், கிராமம். வீடா நிலமா. தற்போதைய மதிப்பு. உங்கள் பெயரில் இல்லையென்றால் யார் பெயரில், அவர் உங்களுக்கு என்ன உறவு. எப்படிக் கிடைத்தது: கிரயமா, குத்தகையா, அடமானமா, பரம்பரையா, தானமா, எந்தத் தேதியில், யாரிடமிருந்து. ஆண்டு வருமானம். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு சின்னக் கட்டம்.

'யார் பெயரில்' என்ற கட்டத்தை எப்போது பார்த்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். பினாமிக்கு என்றே அச்சடித்த கட்டம் அது. விதியிலேயே 'தன் பெயரிலோ, குடும்பத்தினர் பெயரிலோ, வேறு யார் பெயரிலோ' என்றுதான் இருக்கிறது. எந்த மகராசன் 'என் மச்சினன் டிரைவர் பெயரில் நாலு கிரவுண்டு' என்று எழுதுவான்? மனைவி பெயரைத் தவிர வேறு பெயர் அந்தக் கட்டத்தில் வந்ததாக யாரும் என்னிடம் சொன்னதில்லை.

5 பிப்ரவரி 2025

வேட்பாளர்கள் பக்கம் வருகிறேன், கேள்வியில் அதுவும் இருந்ததே.

இது அரசியல்வாதிகள் தாமாக முன்வந்து கொடுத்த கணக்கு இல்லை. 2002 மே மாதம், ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கத்தின் வழக்கில், வேட்பாளரின் சொத்து, கடன், குற்ற வழக்கு, படிப்பு எல்லாவற்றையும் வாக்காளர் தெரிந்துகொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சொன்னதுதான் தாமதம், அத்தனை கட்சியும் ஒன்றாகச் சேர்ந்து அந்தத் தீர்ப்பை மழுங்கடிக்கச் சட்டத்தைத் திருத்தின. தண்ணீர்ப் பிரச்சினைக்குச் சேராதவர்கள் இதற்குச் சேர்ந்தார்கள். 2003 மார்ச்சில் நீதிமன்றம் அந்தப் பிரிவையே செல்லாது என்றது. அதற்குப் பிறகுதான் வேட்புமனுவோடு கொடுக்கும் சொத்துக் கணக்கு, இன்று நாம் பார்க்கும் படிவம் 26, நிலைத்தது.

கணக்கு வந்தது, விளக்கம் வரவில்லை. ஐந்து ஆண்டில் சொத்து பத்து மடங்கு ஆனால், ஆனது என்று மட்டும் எழுதினால் போதும். எப்படி ஆனது என்று கேட்கக் கட்டமே கிடையாது. 2018 பிப்ரவரியில் லோக் பிரஹரி என்ற அமைப்பு போட்ட வழக்கில்தான் வருமானம் வந்த வழியையும் சொல்ல வேண்டும், மனைவிக்கும் சார்ந்திருப்போருக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. இப்போது அந்தக் கட்டம் இருக்கிறது. அதில் என்ன எழுதுகிறார்கள்? 'விவசாயம்', 'வியாபாரம்', 'குடும்பத்தலைவி'. விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது என்பதால் நம் ஊரில் வேட்பாளர்கள் தோட்டத்தில் மட்டும் மழை தவறுவதே இல்லை.

தேர்தல் அதிகாரி என்ன பார்ப்பார் என்றால், கட்டம் காலியாக இருக்கிறதா என்று பார்ப்பார். 2013 தீர்ப்பு அது. காலியாக விட்டால் கேட்டு நிரப்பச் சொல்லலாம், நிரப்பாவிட்டால் மனுவைத் தள்ளலாம். 'இல்லை' என்று பொய் எழுதினால் மனு செல்லும். பொய்க்குத் தண்டனை ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அதற்கு ஒருவர் வழக்குப் போட்டு, அது நடந்து, முடிந்து... அதற்குள் அடுத்த தேர்தல் வந்துவிடும்.

6 பிப்ரவரி 2025

நேற்று எழுதியதில் ஒரு பக்கத்தைச் சொல்லாமல் விட்டேன். ஒன்று விடாமல் எழுத வேண்டும் என்று நின்றாலும் அபத்தமாகப் போகும். அருணாசலப் பிரதேசத்தில் தேசூ தொகுதியில் ஜெயித்த சுயேச்சை ஒருவரின் வெற்றியை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. காரணங்களில் ஒன்று: மனைவியின் கைனடிக் ஸ்கூட்டி, ஒரு மாருதி ஆம்னி, மகனின் டிவிஎஸ் பைக் இவற்றைக் கணக்கில் காட்டவில்லை. மூன்றும் ஏற்கெனவே கைமாறிப் போன வண்டிகள், ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றவில்லை, அவ்வளவுதான். 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவர் வெற்றியைத் திருப்பிக் கொடுத்தது. துணிமணி, செருப்பு, பாத்திரம், நாற்காலி வரைக்கும் எழுத வேண்டியதில்லை, ஆனால் விலை உயர்ந்த கைக்கடிகாரங்களைச் சேர்த்து வைத்திருந்தால் எழுதத்தான் வேண்டும் என்றார்கள்.

என் வீட்டுப் பழைய டிவிஎஸ் 50 இன்னும் என் பெயரில்தான் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிறது.

16 பிப்ரவரி 2025

ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கில் பறிமுதலான 27 கிலோவுக்கு மேல் நகையைப் பெங்களூரிலிருந்து பெட்டி பெட்டியாகத் தமிழக அதிகாரிகளிடம் ஒப்படைத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். வழக்கு முடிந்து எட்டு ஆண்டு, சம்பவம் நடந்து முப்பது ஆண்டு. அந்த வழக்கை அரசியலாகப் பேசாமல் கணக்காக மட்டும் பார்த்தால் நம் கேள்விக்கு நிறைய கிடைக்கும்.

சொத்துக் குவிப்பு வழக்கு என்பது அடிப்படையில் மளிகைக் கணக்குதான். ஒரு காலத்தை எடுத்துக்கொள்வார்கள். இதில் 1991 ஜூலை 1 முதல் 1996 ஏப்ரல் 30 வரை. ஆரம்பத்தில் என்ன இருந்தது, முடிவில் என்ன இருந்தது, நடுவில் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு. வரவில் செலவைக் கழித்தால் மிஞ்சுவதற்கு மேல் சொத்து இருந்தால், எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு. குற்றச்சாட்டு 66.65 கோடி. 2014 செப்டம்பரில் தனி நீதிமன்றம் நான்கு ஆண்டு சிறை, 100 கோடி அபராதம் என்றது. 2015 மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. அதிகப்படியான சொத்து 8.12 சதவீதம்தான், சட்டம் 10 சதவீதம் வரை அனுமதிக்கிறது என்பது கணக்கு.

அந்தக் கணக்கில்தான் கூட்டல் பிழை. வங்கிக் கடன்களின் பட்டியலை வரிசையாகக் கூட்டினால் 10 கோடியே 67 லட்சம் வருகிறது. தீர்ப்பில் 24 கோடியே 17 லட்சம் என்று போட்டிருந்தது. பதின்மூன்றரைக் கோடி. கடன் கூடினால் வரவு கூடும், வரவு கூடினால் குற்றம் குறையும். எங்கள் பிரிவில் பயணப்படிப் பட்டியலில் 13 ரூபாய் உதைத்தால் தணிக்கை திருப்பி அனுப்பிவிடும்.

அதே வழக்கில் 1995 கல்யாணச் செலவைப் பாருங்கள். அரசுத் தரப்பு சொன்னது 6 கோடிக்கு மேல், விசாரணை நீதிமன்றம் 3 கோடி, உயர் நீதிமன்றம் 28 லட்சம் சொச்சம். ஒரே பந்தல், ஒரே சாப்பாடு. 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் விசாரணை நீதிமன்றத் தீர்ப்பையே நிலைநிறுத்தியது. முதல் குற்றவாளி அதற்கு இரண்டு மாதம் முன்பே இறந்துவிட்டார்.

17 பிப்ரவரி 2025

திருத்தம். 'சட்டம் 10 சதவீதம் வரை அனுமதிக்கிறது' என்று எழுதிவிட்டேன். சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. 1977-ல் கிருஷ்ணானந்த் அக்னிஹோத்ரி என்ற அரசு ஊழியரின் வழக்கில், அதிகப்படியாக இருந்தது 11,350 ரூபாய், அது அவருடைய மொத்த வருமானத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, இதற்காகத் தண்டிப்பது சரியல்ல என்று உச்ச நீதிமன்றம் விட்டது. அந்தப் பதினோராயிரம் ரூபாய்க்குக் காட்டிய இரக்கம்தான் பின்னால் கோடிகளுக்கு வாய்ப்பாடு ஆனது.

23 பிப்ரவரி 2025

உறை பிரிக்கப்பட்ட கதை. எழுதுகிறேன் என்று சொல்லிப் பல நாள் ஆகிவிட்டது.

2011 என்று நினைக்கிறேன், மழைக்காலம். எங்கள் அலுவலர் ஒருவர் மேல் பெயர் இல்லாத புகார் போயிருந்தது. சம்பளத்துக்கு மீறி மனைவி பெயரில் மனை வாங்கியிருக்கிறார் என்று. கண்காணிப்புப் பிரிவிலிருந்து இரண்டு பேர் வந்து அவருடைய எட்டு ஆண்டு உறைகளைக் கேட்டார்கள். பீரோவிலிருந்து எடுத்தேன். பசை காய்ந்து சில உறைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பேப்பர் கத்தியால் நான்தான் பிரித்துக் கொடுத்தேன்.

மனிதர் எங்கள் எல்லோரையும்விடச் சிக்கனம். கேன்டீனில் காபிகூடக் குடிக்க மாட்டார். அதுவே அவருக்கு வினையாக வந்தது. வீட்டுச் செலவுக்கு ரசீது இல்லையென்றால் விசாரிக்கிறவர்கள் வழக்கமாகச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைச் செலவு என்று எடுத்துக்கொள்வார்கள். அவர் அதில் பாதிகூடச் செலவு செய்யாத ஆள். மிச்சம் பிடித்ததை எப்படி நிரூபிப்பது? குடிக்காத காபிக்கு ரசீது எங்கே போய் வாங்குவது?

அவரைக் காப்பாற்றியது அந்தச் சின்னக் கட்டம். மனை வாங்கிய வருடத்துப் படிவத்தில் 'குறிப்பு' என்ற இடத்தில் பொடி எழுத்தில், 'மனைவி இட்லி மாவு அரைத்து விற்ற சேமிப்பும் ஏலச்சீட்டுப் பணமும்' என்று எழுதியிருந்தார். புகார் வருவதற்கு ஐந்து ஆண்டு முன்னால் எழுதியது. வந்தவர்களில் மூத்தவர் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். "இதுக்கு நோட்டு ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

மறுநாள் அந்த அம்மாள் ஒரு துணிப்பை நிறைய மாதக் காலண்டர்களைக் கொடுத்தனுப்பினார். பால் கணக்கு எழுதுவது போல ஒவ்வொரு நாள் கட்டத்திலும் பென்சிலில் மாவுக் கணக்கு. 14 படி, 11 படி, கிருத்திகை அன்று 6. நடுநடுவே 'கிரைண்டர் ரிப்பேர்', 'சின்னவனுக்குக் காய்ச்சல், அரைக்கவில்லை'. சில தாள்களில் மாவு காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. அவர்கள் தரையில் உட்கார்ந்து புரட்டினார்கள். நாலு மாதத்தில் புகாரை முடித்துவிட்டார்கள்.

'யார் படிக்கிறார்கள்' என்ற கேள்விக்கு அன்றைக்கு எனக்குக் கிடைத்த பதில் வேறு. யாரும் படிக்கவில்லைதான். ஆனால் சொந்தக் கையெழுத்தில், தேதியோடு, அரசாங்கத்தின் பீரோவில் அது கிடக்கிறது. பிரச்சினை வந்த பிறகு ஜோடித்த விளக்கத்துக்கும் வருவதற்கு முன்பே எழுதிய ஒரு வரிக்கும் வித்தியாசம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஊழல் தடுப்புச் சட்டமும் 1988-லிருந்து 2018-ல் திருத்தும்வரை அதைத்தான் சொன்னது: 'தெரிந்த வருமானம்' என்றால் நியாயமான வழியில் வந்திருக்க வேண்டும், அதை விதிப்படி தெரிவித்தும் இருக்க வேண்டும்.

24 பிப்ரவரி 2025

சேர்த்துக்கொள்ள ஒன்று. 16-ஆம் தேதி எழுதிய வழக்கிலும் இதுதான் ஓடியது. பத்திரிகைச் சந்தா டெபாசிட்டில் கோடிக்கணக்கில் வந்தது என்ற விளக்கத்தை உச்ச நீதிமன்றம் கடைசியில் ஏற்கவில்லை. வரிக் கணக்கைக் காலம் கடந்து தாக்கல் செய்தது அதில் ஒரு காரணம். வருமான வரித் துறை ஒப்புக்கொண்டுவிட்டது என்பதும் எடுபடவில்லை. வரி கட்டினாய் என்பது வரி கட்டியதற்குத்தான் சாட்சி, பணம் வந்த வழிக்கு இல்லை.

2 மார்ச் 2025

"அப்போ மொய்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரராக இருக்க வேண்டும்.

அங்கே ஆடி, ஆவணியில் மொய் விருந்து வைத்தால் ஒரே நாளில் லட்சக்கணக்கில் வரும் என்பது உண்மை. ஆனால் அது வருமானமா? என் அப்பா மொய் நோட்டை வரவு என்று சொல்லவே மாட்டார். 'இது நாம் பட்ட கடன், ஒவ்வொருத்தருக்காகத் திருப்பணும்' என்பார். படிவத்தில் மொய்க்குச் சரியான இடம் கடன் பத்திதான். திருப்பிச் செய்ய வேண்டிய அவசியமில்லாத ஆளிடமிருந்து வருகிற மொய்க்கு வேறு பெயர் இருக்கிறது. பதவியில் இருப்பவருக்குப் பிறந்தநாள் பரிசாக வந்ததை நியாயமான வருமானம் என்று உச்ச நீதிமன்றமும் ஒப்புக்கொள்ளவில்லை.

விதி எளிது: நீங்கள் ஓய்வு பெற்ற பிறகும் மொய் செய்கிறவர் உறவுக்காரர்.

9 மார்ச் 2025

நகையைப் பற்றிக் கேட்டவருக்கு. 2014-ல் லோக்பால் சட்டத்தின் 44-வது பிரிவுப்படி ஒரு பெரிய படிவம் வந்தது. அசையாச் சொத்தோடு வங்கி இருப்பு, காப்பீடு, வண்டி, கணவன் மனைவி பிள்ளைகள் நகை எல்லாம். நகைக்கு எடை போட வேண்டும். அலுவலகமே அல்லோலகல்லோலப்பட்டது. "என் தாலிக்கொடி எத்தனை கிராம்னு டெல்லிக்கு எதுக்கு?" என்று ஒரு அம்மா என்னைக் கேட்டார், நான்தான் சட்டம் போட்டது போல. இன்னொருவர் வீட்டில் எத்தனை சவரன் இருக்கிறது என்று மனைவியிடம் கேட்கப் போய், "எதுக்குத் திடீர்னு கேக்கறீங்க, அடகு வைக்கவா?" என்று மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை.

கெடு தள்ளிப் போனது. மறுபடி தள்ளிப் போனது. வாங்கிய படிவங்கள் பீரோவில் மூன்றாவது தட்டைப் பிடித்துக்கொண்டன. 2016 ஜூலையில் அந்தப் பிரிவையே மாற்றி, எந்த வடிவத்தில் எப்படிக் கொடுப்பது என்பதை அரசே பிறகு சொல்லும் என்று ஆக்கினார்கள். மசோதா வந்த வேகத்தில் நிறைவேறியது. அந்த அம்மா வந்து, "என் தாலிக்கொடியைத் திருப்பிக் கொடுங்க சார்" என்றார்.

23 மார்ச் 2025

டெல்லியில் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் வீட்டில் தீ, எரிந்த நோட்டுக் கட்டுகள் என்று இரண்டு நாளாக அதே பேச்சு. விசாரணை முடியட்டும், அதற்கு முன் நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

நம் ஊர்க் கதை ஒன்று ஞாபகம் வருகிறது. கே. வீராசாமி, சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. 1976-ல் அவர் மேல் சிபிஐ சொத்துக் குவிப்பு வழக்குப் பதிவு செய்தது. தொகை 6,41,416 ரூபாய் 36 பைசா. அந்த 36 பைசாவை விடாமல் எழுதியவர் யாரோ, அவர் எங்கள் பிரிவுக்கு வந்திருக்க வேண்டிய ஆள். நீதிபதி 'அரசு ஊழியர்' ஆவாரா, அவர் மேல் இந்தச் சட்டம் பாயுமா என்று வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. பாயும் என்று 1991 ஜூலையில் தீர்ப்பு. கூடவே, வழக்குப் பதிவதற்கு முன் இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்துகொள்ள வேண்டும் என்றும் சொன்னது. அவர் மேல் இருந்த மூல வழக்கு முடியவே இல்லை. 2010-ல் காலமானார்.

6 ஏப்ரல் 2025

ஜனவரி 28-ஆம் தேதி எழுதியதை மறுபடி படித்தேன். 'ஒளிக்க ஒன்றும் இல்லை' என்று எழுதியிருக்கிறேன். இரண்டு மாதமாக அந்த வரி உறுத்துகிறது. எழுதிவிடுகிறேன்.

1998-ல் மூன்று சென்ட் மனை வாங்கினேன். பேசிய விலை 1,85,000. பத்திரத்தில் 70,000. விற்றவர் சொன்னார்: "எல்லாரும் போடறதுதான் சார். உங்களுக்கும் ஸ்டாம்ப் செலவு மிச்சம்." முழு விலையும் பத்திரத்தில் போட்டுத்தான் வாங்குவேன் என்றால் அந்தத் தெருவில் யாரும் எனக்கு விற்கப் போவதில்லை. மீதி 1,15,000-ஐ மஞ்சப்பையில் கொண்டுபோனேன். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருந்த டீக்கடையின் பின்பக்கம் உட்கார்ந்து எண்ணினோம். அவர் நோட்டுகளை எண்ணும்போது நான் வெளியே யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பணத்தில் தப்பான காசு ஒன்றும் இல்லை. மனைவியின் வளையல் நான்கு விற்றது, மாமனார் நெல் போட்ட பணம், நண்பரிடம் கைமாற்று. மாவுக் காலண்டர் அம்மாள் போல எங்கள் வீட்டிலும் கணக்கு உண்டு. ஆனால் மனை வாங்க அலுவலகத்துக்குக் கொடுத்த அனுமதிக் கடிதத்தில் 'பணம் வந்த வழி' என்ற இடத்தில் வருங்கால வைப்பு நிதி 40,000, சேமிப்பு 30,000 என்று எழுதினேன். கூட்டினால் 70,000 சரியாக வர வேண்டுமே. பத்திரமே பொய் சொல்லும்போது படிவத்தில் உண்மை எழுதினால் இரண்டும் இடிக்கும். மாமனாரின் நெல்லுக்கு அங்கே இடமில்லாமல் போனது.

2005-ல் குரூப் பி ஆனபின் 14 ஜனவரியும் அதே 70,000. என் உறையையும் அதே பீரோவில் நான்தான் அடுக்கினேன்.

8 ஏப்ரல் 2025

"வழிகாட்டி மதிப்பை உயர்த்தினால் சரியாகிவிடாதா?" ஓரளவுக்கு ஆகும். ஆனால் உண்மை விலைக்குக் கிட்டே கொண்டுபோனால் ஊரே கூச்சல் போடுகிறது, குறைத்தால் மஞ்சப்பை பெரிதாகிறது. இன்னொருவர் என்னை 'யோக்கியன் வர்றான்' என்று எழுதியிருக்கிறார். எழுதட்டும், அதற்கு இடம் கொடுத்தது நான்தானே.

6 மே 2025

நேற்றிரவு உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் சொத்து விவரம் இணையதளத்தில் ஏறியது. 33 பேரில் 21 பேருடையது. வெளியிடுவது என்று ஏப்ரல் 1-ஆம் தேதி எல்லா நீதிபதிகளும் கூடி எடுத்த முடிவாம். நீதிபதிகள் தலைமை நீதிபதியிடம் கணக்குக் கொடுக்க வேண்டும் என்ற தீர்மானம் 1997-லேயே இருக்கிறது. விருப்பப்பட்டவர்கள் இணையதளத்தில் போடலாம் என்று 2009-ல் ஆனது.

ராத்திரி ஒரு மணி வரை படித்தேன், வேலை இல்லாத கிழவன். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதியிருக்கிறார்கள். ஒரே படிவம் இல்லை. கே.வி. விஸ்வநாதன் முதலீடு 120 கோடிக்கு மேல் காட்டியிருக்கிறார். அதோடு வக்கீலாகச் சம்பாதித்ததற்குக் கட்டிய வருமான வரி 91 கோடி என்பதையும் சேர்த்துக் காட்டியிருக்கிறார். தொகையைப் பார்த்ததும் வாய் பிளந்தவர்கள் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். கேட்காமலே விளக்கம் கொடுப்பது இப்படித்தான் இருக்கும்.

எங்களைப் போன்றவர்கள் கணக்கு மட்டும் வெளியே வராது. 2012-ல் கிரீஷ் தேஷ்பாண்டே வழக்கில், அரசு ஊழியரின் சொத்து விவரம் அந்தரங்கத் தகவல், பெரிய பொதுநலன் இருந்தாலொழியத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பணியில் இருந்தபோது அந்தத் தீர்ப்பு எனக்கு நிம்மதியாக இருந்தது.

11 மே 2025

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்: "எங்களிடம் 1975 முதல் சட்டம் இருந்தது, ஒருவரும் பயப்படவில்லை." உண்மை. கணக்குக் கொடுக்காவிட்டால் அபராதம் அதிகபட்சம் 1,000 ரூபாய், ஓராண்டு வரை சிறை என்றும் உண்டு. 75-ல் ஆயிரம் ரூபாய் பெரிய காசு. 2023-ல் புதிய ஊழல் எதிர்ப்புச் சட்டம் வரும்வரை அந்த ஆயிரம் அப்படியே இருந்தது.

22 ஜூன் 2025

ஒரு மாதமாக எழுதவில்லை. மகளுக்கு மத்திய அரசு வேலை கிடைத்து, குரூப் பி-யில் சேர்ந்திருக்கிறாள். முதல் நியமனத்தின்போதே சொத்து, கடன் விவரம் கொடுக்க வேண்டும். நான் கொடுத்த அதே விதி. கணினியில் நிரப்புகிறாள்.

அந்த மூன்று சென்ட் மனையை 2021-ல் அவள் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்திருந்தேன். நேற்று இரவு போன் செய்தாள்.

"அப்பா, 'எப்படிக் கிடைத்தது' கட்டத்துல தானம்னு போட்டுட்டேன். யாரிடமிருந்துன்னா உங்க பேரு. செட்டில்மென்ட்ல இருக்கற மதிப்பையும் போட்டாச்சு. எல்லாம் சரியா?"

"சரிம்மா."

"நீங்க எவ்வளவுக்கு வாங்குனீங்க?"

"தாய்ப்பத்திரம் உன்கிட்டதானே இருக்கு. 70,000."

"அது பத்திரத்துல இருக்கு, பார்த்தேன். நீங்க எவ்வளவுக்கு வாங்குனீங்கன்னு கேட்டேன்."